பதினோராம் வாரம்

பிப்ரவரியில் ஊதிப்போயின
நாற்பத்தேழு சக்கரங்கள்.
முதல் பாலாடைக்கட்டியை அறுத்தது நான்.
உள்ளே கட்டைவிரல் நுழையும் பொந்துகள்,
ஈரச் சாக்கு நாற்றம்.
"தொட்டியைக் கழுவியது யார்?"
என்றார் மேலாளர் வாஸ்கோன்செலுஸ்.
கழுவியதும் நான்.

கொதிநீர், காரம், மறுபடி கொதிநீர்.
நகம் வெளிறும்வரை கழுவினேன்.
வெளிறிய நகத்தை யாரிடம் காட்ட?

ஆகையால் இந்த இரவு.
சௌ ஜோர்ஜ் தீவின் வடக்குச் சரிவில்
மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது,
இணையம் வருவதும் போவதுமாக.
தியோலிந்தா ஆவிலா, வயது நாற்பத்தொன்று,
பால் ஆலைத் தொழிலாளி,
நுண்ணுயிரியல் கற்க
நான்கு வகுப்புகளைத் திறந்து வைத்திருக்கிறேன்.

முதலாவது: நான்கே வாரம், இலவசம்.
கிருமிகளுக்குக் கண் வரைந்திருக்கிறார்கள்,
ஒன்றுக்கு இமைமயிர்கூட.
கண்ணுள்ள ஒன்று என் தொட்டியில் இருந்திருந்தால்
எப்போதோ நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவதில் பொன்விளிம்புச் சான்றிதழ்.
கூடவே தபாலில் வரும் ஒரு பெட்டி:
கண்ணாடித் தட்டுகள், அகார், பஞ்சுக்குச்சிகள்.
ஆசைப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.
விலை என் மூன்று வாரக் கூலி.
அதையும் விழுங்கியிருப்பேன்.
கீழே எறும்பெழுத்தில்,
"தீவுகளுக்கு அனுப்புவதில்லை."

தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான் தம்பி காஸ்பர்.
"சான்றிதழை எங்கே மாட்டுவாய்,
பசுவின் கழுத்திலா?"
இருபத்தாறு பசு வைத்திருப்பவன் கேட்கலாம்.
சிரித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனான்.

மூன்றாவது செவிலியருக்கு.
தொண்டை, சிறுநீர், ஆறாத புண்.
நல்ல வகுப்புதான்.
என் நோயாளி பால்.

நான்காவதைத் திறந்ததும் மின்விசிறிச் சத்தம்.
பிரேசிலின் ஏதோ உள்நாட்டு ஊர்,
பத்து வருடத்துக்கு முந்தைய ஒளிப்பதிவு,
பேராசிரியை கரும்பலகையை மறைத்துக்கொண்டே எழுதுகிறார்.
எங்கள் மொழியேதான். ஆனால்
நாங்கள் மென்று விழுங்கும் உயிரெழுத்துகளை
அவர் ஒவ்வொன்றாக வெயிலில் காயவைக்கிறார்.
சான்றிதழ் இல்லை. பதினான்கு வாரம்.
கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

விலையை, நட்சத்திரங்களை, சிரிக்கும் முகங்களை
ஓரமாகத் தள்ளிவிட்டுப்
பாடத்திட்டங்களில் ஒன்றை மட்டும் தேடினேன்:
கழுவினாலும் போகாதது எது?

மற்ற மூன்றில் இல்லை.
நான்காவதில், பதினோராம் வாரம்:
வித்துகள். பால். ஊறுகாய்ப்புல்.

முறைகெட்ட மாணவி,
நேரே பதினோராம் வாரத்துக்குள் நுழைந்தேன்.
பாதிக்குமேல் புரியவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.
கண் வரைந்த கிருமிகளோ எல்லாமே புரிந்திருந்தன.

புரிந்தது இவ்வளவு:
நாள்தோறும் பாலுக்கு உறை ஊற்றுகிறவள் நான்.
இந்த உயிரோ தனக்குத்தானே உறை தைத்து
அதற்குள் உறைந்து கிடக்குமாம்.
கொதிநீர் அதற்கு ஒரு மழை.
கட்டி முற்றும் மாதங்களில் கண்விழித்து
மூச்சு விடுமாம்.
அந்த மூச்சுதான் பொந்து.

பெருகும் இடம் தொட்டியல்ல என்றார்.
கிழிந்த பிளாஸ்டிக்கின்கீழ்
மண் கலந்து கெட்ட ஊறுகாய்ப்புல்,
அதைத் தின்ற பசுவின் சாணம்,
சரியாகத் துடைக்காத மடி.

நிறுத்தினேன்.
டிசம்பர்ப் புயலில்
யார் கொட்டகையில் பிளாஸ்டிக் கிழிந்தது என்று
எனக்குத் தெரியும்.
ஒட்டுநாடாவைக் கடித்துக் கடித்துக்
கொடுத்தது நான்தான்.

வாசலில் காஸ்பர் திரும்பி வந்து
காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.
இது சந்தேகம், சாட்சியல்ல.
பத்து நிமிடப் பாடத்தை வைத்துத்
தம்பியைத் தண்டிக்க முடியாது,
என்னை விடுவிக்கவும்.

பதிவு செய்தேன்.
"ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?" என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

முதல் வாரம், முதல் பாடம்:
நுண்ணோக்கியின் வில்லையைத் துடைப்பது எப்படி.
பேராசிரியை இருமுகிறார், தண்ணீர் குடிக்கிறார்,
"அவசரப்படாதீர்கள்" என்கிறார்
பத்து வருடத்துக்கு அப்பாலிருந்து.
இணையம் நின்றுவிட்டது.
அவர் வாய் பாதி திறந்தபடி
நான் காத்திருக்கிறேன்.