கறுப்பு மணல்

பிப்ரவரி, வெள்ளிக்கிழமை. காலை ஆறு நாற்பது.
கடல் இறங்கிப் போயிருக்கிறது,
திரும்பிவர மூன்று மணி நேரம்.
கலீசியாவின் இந்தக் கழிமுகத்தில்
எங்கள் பிரசார மேடை இவ்வளவுதான்:
கணுக்கால் சேறு, நெற்றி விளக்கு,
குனிந்த முதுகுகள் பதினொன்று.
முகம் பார்த்துப் பேச வழியில்லை.
வாரியின் பற்கள் மணலில் கரகரக்க
அவரவர் வாளியிடம்தான் அரசியல் பேசுகிறோம்.

டோசிந்தா தொடங்கினாள். எப்போதும் அவள்தான்.
"துறைக்குக் கூரை போட்டது யார்?
என் மகனுக்குக் காட்டுத்தீ அணைக்கும் வேலை,
கோடைக்கு மட்டும் என்றாலும்,
கொடுத்தது யார்?
உப்பிட்டவரை உள்ளளவும் நினை."

ஷியானா நிமிர்ந்தாள்.
இருபத்தாறு வயது, இடுப்பு இன்னும் நிமிரும்.
"எந்த உப்பு?
நவம்பரில் அணையைத் திறந்துவிட்டு
கடலில் இருந்த உப்பையே கழுவினார்களே, அதுவா?
வாய் பிளந்து செத்துக் கிடந்ததையெல்லாம்
என்னோடு சேர்ந்து நீதானே அள்ளினாய்?
மட்டி எடுக்கிறவர்கள்தானே என்று
மட்டிகள் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்."

சிரித்தோம். டோசிந்தாவும் சிரித்தாள்.
பிறகு வாளியிடம்,
"மழை பெய்ததற்கும் கட்சிதான் காரணமா?" என்றாள்.

எருந்தினாவின் கணக்கு வேறு.
எதிர்க்கட்சி வேட்பாளர் அவளுடைய
முன்னாள் கணவனின் ஒன்றுவிட்ட தம்பி.
"கடலே வற்றினாலும்
அந்தக் குடும்பத்துக்கு என் கை நீளாது."

புவெனஸ் அயர்ஸில் குடியேறிய பெரியப்பாவுக்கு
வாக்குச்சீட்டு போய்ச் சேர்ந்ததாம். ஆல்தாரா சொன்னாள்.
அவர் செத்து ஆறு வருடம்.
"யாருக்குப் போடுவாராம்?"
"உயிரோடு இருந்தபோதே சொன்னதில்லை."

"நீ?" என்றார்கள் என்னிடம்.
குலுக்கலில் என் பெயர் விழுந்திருந்தது,
ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடி மேசையில் உட்கார.
அதிகாரி வாய் திறக்கக் கூடாது என்றேன்.
அப்படி ஒன்றும் சட்டம் இல்லை.
எனக்கே தெரியவில்லை, அதுதான்.
அளவு வளையத்தில் நழுவிய குஞ்சு மட்டிகளை
ஒவ்வொன்றாக மணலுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

ஷியானா ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் அவள் பூட்ஸைத் தொட்டது.
யார் பேசி முடித்தார் என்று கடல் கேட்பதில்லை.
ஆளுக்கு நாலு கிலோ. எடை போட்டோம். கலைந்தோம்.

ஞாயிறு. பள்ளிக்கூடம்.
சுவரில் ஏழாம் வாய்ப்பாடு,
முட்டி இடிக்கும் குட்டி நாற்காலி.
எல்லோரும் வந்தார்கள், தலை சீவி, காதணி போட்டு.
என் பெயரை ஒருமுறைகூடச் சொல்லாமல்
தங்கள் அடையாள அட்டையை நீட்டினார்கள்.
மேசைக்காரர்கள் கடைசியில்தான் போட வேண்டும்.
எனக்குப் பின்னால் வரிசை இல்லை.
இருந்தும் திரைக்குள் நெடுநேரம் நின்றேன்.

எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம்.
உறையைக் கிழிப்பேன், கட்சிப் பெயரை உரக்க வாசிப்பேன்.
நூற்று எத்தனையாவதோ ஓர் உறையிலிருந்து
சீட்டோடு மணலும் விழுந்தது.
ஏழெட்டுப் பருக்கை. கறுப்பு.
இடிந்த பாலத்தூணுக்கு அந்தப் பக்கத்து மணல்.
அங்கே வாரி போடுகிறவள் ஒருத்திதான்.

சீட்டைப் பார்த்தேன்.
ஒரு நொடி தொண்டை அடைத்தது.
வாசித்தேன்.
எந்தக் கட்சி என்று உங்களிடமும் சொல்லமாட்டேன்.
அவள் வாளியிடம் சொன்னது அது அல்ல,
அவ்வளவுதான்.
பக்கத்தில் இருந்தவர் கோடு போட்டுக்கொண்டார்.
மணலை உள்ளங்கையால் ஒதுக்கி
கோட்டுப் பைக்குள் போட்டேன்.

எண்ணி முடித்ததும் சீட்டுகளை அழித்தாயிற்று.
யார் வென்றார்கள் என்பது
பேப்பரில் வந்துவிட்டது.

திங்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் கடல் இறங்கியது.
"நான் சொன்னேனா இல்லையா?" ஒருத்தி.
"அடுத்த நவம்பரில் பார்ப்போம்." இன்னொருத்தி.
அதே குரல்கள், அதே சூடு, ஒரு சொல் குறையவில்லை.
நான் தூண் பக்கமாகவே குனிந்து போய்
பையை உதறினேன்.
"அங்கே என்ன, என் இடத்தில்?" என்று கேட்டது ஒரு முதுகு.
"ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் மட்டி இருக்கிறதா என்று பார்த்தேன்."
"இல்லை. போ."