ஒற்றைப்படை மாதங்கள்

பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.
சூட்டில்தான் கசடு அசையும்;
ஆறிய எண்ணெய் அழுக்கையெல்லாம் அடியிலேயே விட்டுவிட்டுத்
தான் மட்டும் நல்லபிள்ளையாய் இறங்கி வரும்.

நாகலூரில் ஏப்ரல்.
காப்பி பூத்து நாலு நாள்.
கொட்டகை வாசல் வரை வரும் வாசத்தை
டீசல் உள்ளே விடுவதில்லை.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்,
கடலெண்ணெய் டின்னை அறுத்துச் செய்த தட்டு.
திருகாணி கடைசிச் சுற்றுக்கு வந்ததும்
கையை இழுக்க மறந்தேன்.
முழங்கை வரை கருப்பு.

சேலம் கோர்ட்டில் பிரித்தது இப்படி:
மேல்காடு இன்னாசிக்கு, ஓடைப்பக்கம் எனக்கு,
சில்வர் ஓக் எண்ணி ஆளுக்கு நாற்பத்தொன்று.
பதினெட்டுக் குதிரைத்திறன் சின்ன டிராக்டரை
அறுத்துக் கொடுக்க முடியாதென்பதால்
ஒற்றைப்படை மாசம் அண்ணனுக்கு, இரட்டைப்படை எனக்கு.
வருஷத்தில் மூன்று நாள் அவனுக்கு அதிகம்.
எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பேச்சு நின்று மூன்று வருஷம்.
முதல் தேதி காலையில்
வேலிக்கல் மேல் சாவி இருக்கும், அவ்வளவுதான்.

காற்று வடிகட்டிக் கிண்ணத்தில் ஒரு விரல் சேறு,
சேற்றில் ஒரு குளவி, முழுசாக.
டீசலில் அலசிக் கோடுவரை புது எண்ணெய் ஊற்றினேன்.
டீசல் பில்டரின் அடியில் தண்ணீர்.
பாதி டாங்க்கோடு பனியில் நிறுத்தினால் அப்படித்தான்.
பாதி டாங்க்கோடுதான் தருகிறான் எப்போதும்.
நானும் அப்படித்தான் தருகிறேன்,
என் காசில் அவன் உழுவதா?

மணிமீட்டர் செத்துப்போனதால்
ஆறு மாசத்துக்கு ஒருதரம் என்று கணக்கு.
மார்ச்சிலேயே மாற்றியிருக்க வேண்டும்;
என் தலையில் கட்டத் தள்ளிப்போட்டிருக்கிறான்.

இப்போது எண்ணெய் பில்டர்.
அவன் கை எப்படிப்பட்டதென்று தெரியும்,
ஊறுகாய் பாட்டிலை அவன் மூடினால்
வீட்டில் வேறு யாரும் ஊறுகாய் தின்ன முடியாது.
பெல்ட் ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு
சும்மா ஒருதரம் திருகிப் பார்த்தேன்.
வந்துவிட்டது.

துடைத்தால், வெள்ளை பெயின்ட் பேனாவில்
சாய்ந்து சாய்ந்து விழும் அவன் எழுத்து:
செப். 14. கையால் மட்டும் முடுக்கியது.
மணிக்கட்டுக்கு நோகாது.

போன ஆடியில் ஓடைப்பாறையில் வழுக்கி முறிந்த மணிக்கட்டு.
அவனிடம் யார் சொன்னார்கள்?

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.
பழைய எண்ணெய் சொட்டி முடிக்கட்டும் என்று.

ஐந்து ரோட்டில் வாங்கி
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மடியில் வைத்து வந்த புதுசை
எண்ணெய் நிரப்பி, ரப்பர் வளையத்தில் விரலால் தடவி,
தொட்டதும் முக்கால் சுற்று. போதும்.
பிளீடரைத் தளர்த்திக் கைபம்பை அமுக்க
முதலில் நுரை, இன்னும் நுரை,
பிறகு குமிழில்லாத டீசல்.

நானும் எழுதினேன்:
ஏப். 6. எண்ணெய், பில்டர், பஸ் சார்ஜ் சேர்த்து
ஆயிரத்து எண்ணூற்று முப்பது. உன் பாதி பாக்கி.
அடியில் சின்னதாக: கையால்தான்.

எழுதிய பிறகுதான் உறைத்தது.
அடுத்த மாற்று அக்டோபர், அதுவும் என் மாசம்.
அவன் இதைப் படிக்க வேண்டுமென்றால்
அவனைப் போலவே நானும் தள்ளிப்போட வேண்டும்.

ஸ்டார்ட் செய்து குனிந்து பார்த்தேன்.
ஒரு சொட்டு கசிவில்லை.
டாங்க் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.
மாசம் முடிய இருபத்துநாலு நாள் இருக்கிறது,
பார்ப்போம்.