முதுகால் பார்த்த ஆட்டம்

லைன்ஸ்மன் கிறுகிப் பார்க்கக் கூடாது.
சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம்,
பதினோரு வருஷம் கொடி பிடித்து
எனக்கு நானே போட்டுக்கொண்டது.

விடிந்ததுமே தொடங்கிவிட்டார்கள்.
சந்தியில் பெட்ஷீற்றை விரித்துப் பிடித்து
பஸ்ஸை மறித்து, லொறியை மறித்து,
மையித்து வீட்டுக்குப் போன வேனையும் மறித்து
காசு சேர்த்தது பச்சைக் கட்சி.
சிவப்புக் கட்சி ஓர் ஆட்டுக்குப்
பச்சைப் பெனியன் மாட்டி இழுத்துப் போனது.
பெனியனில் பாதியை ஆடு தின்றுவிட்டதாகக் கேள்வி.

இப்போது அக்கரைப்பற்று முழுக்க
என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.
குரலை வைத்தே ஆளைச் சொல்லுவேன்.
"கண் தெரியாட்டி ஊட்ட கிட!"
பேக்கரி நவ்பர்.
விடிய ஐந்தரைக்கு எனக்கென்று
இரண்டு றாத்தல் சூடாக எடுத்து வைப்பவர்.
"காசி வாங்கிட்டான்!"
வங்கிச் சகாயநாதன்.
என் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று
அவருக்கு நன்றாகவே தெரியும்.
"மகன்ட பள்ளிக்குத்தான்டா இவன் கொடி தூக்குவான்!"
இது சிவப்பு. மச்சினன் சபூர்தீனாக இருக்கலாம்,
தொண்டை கட்டியிருந்தது, சத்தியம் பண்ண மாட்டேன்.

என் உம்மாவை இழுத்து ஒருத்தன் பாட்டுக் கட்டினான்.
பப்பரே அதற்குத் தாளம் பிடித்தது.
நல்ல தாளம்.
என் கால்களும் அதற்கே ஓடின.

கிழமை நாட்களில் நான்
நில அளவையில் சங்கிலி இழுப்பவன்.
வரம்பு எந்தப் பக்கம் அரை முழம் நகர்ந்தாலும்
ஒரு வீட்டார் ஏசுவார்கள்.
அந்த ஏச்சு வழக்கு வைக்கும், பேரப்பிள்ளை வரை போகும்.
மைதானத்து ஏச்சு வியர்வை மாதிரி,
குளித்தால் போய்விடும்
என்றுதான் நினைத்திருந்தேன்.

முடிய நாலு நிமிஷம். ஒண்டுக்கு ஒண்டு.
கச்சான் காற்று மண்ணள்ளி வாயில் போடுகிறது.
பச்சையின் ஒன்பதாம் நம்பர்,
காற்சட்டை இடுப்பில் நிற்காத மெலிந்த பொடியன்,
எங்கிருந்து வந்தானோ,
பந்து வலைக்குள்.
பின்னால் ஊரே எழும்பியது, ஒரு வீடு இடிகிற சத்தம்.
என் கொடி மேலே நின்றது.
தூக்கியது நான்தான்.
வெயில் நேரே கண்ணில்.

ட்ரம்பெட்காரன் மூச்சை விழுங்கினான்.
அந்த ஒரு கணம் கடல் கேட்டது.

முதலில் தண்ணீர்ப் போத்தல்கள்.
கச்சான் காற்றில் கச்சான் கோது.
மறுகா ஒரு செருப்பு,
சரியாக இரண்டு தோளுக்கும் நடுவில்.
விழுந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.
நீல றப்பர், இடது கால், ஆறாம் நம்பர்.
வார் கழன்ற இடத்தில் ஒரு சட்டை ஊசி.
போன வெள்ளி ஜும்ஆவுக்குப் போக முன்னம்
அவசரத்தில் நான் குத்திக் கொடுத்த ஊசி.

கிறுகவில்லை.
குனிந்து எடுத்து
இடுப்பில், பின்பக்கம் செருகிக்கொண்டேன்.
"செருப்புக்கு றெட் கார்ட் காட்டு!" என்றான் ஒருத்தன்.
ஊர் சிரித்தது.
அந்தச் சிரிப்பில் ஒரு குரல் மட்டும் இல்லை.
பதினாலு வருஷமாகக் கேட்கிற குரல்,
இல்லாததும் கேட்கும்.

இரவு வாசலில் வலது செருப்பு தனியே கிடந்தது.
பக்கத்தில் இடதை வைத்துவிட்டு உள்ளே போனேன்.
சோறு, மீன் ஆணம்.
இன்ஷாப் பீங்கானைப் பார்த்தபடியே கேட்டான்:
"அது ஒஃப்சைட்தானா வாப்பா?"
வெயிலைச் சொல்லியிருக்கலாம்.
"ஓம்" என்றேன்.
அவன் முள்ளை எடுத்து எடுத்து
பீங்கான் ஓரத்தில் கோடாக அடுக்கினான்.

விடிய ஐந்தரை.
இரண்டு றாத்தல், சூடுதான்.
"நேத்து மெச்சுக்கு வரக் கிடைக்கல்ல காக்கா,"
மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார் நவ்பர்.
"அதான்,
உங்கட சத்தமே கேக்கல்ல" என்றேன்.