காரணம் என்ற கட்டம்

மாற்றுச் சான்றிதழ் கேட்கும் படிவத்தில்
காரணம் என்றொரு கட்டம் உண்டு.
சுண்டுவிரல் நீளம்.
நீடாமங்கலம் தாலுகா ஆபீசுக்கு எதிரே
பதினாறு வருஷமாய் ஜெராக்ஸ் கடை எனக்கு.
அந்தப் படிவத்தை எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்.
என் முறை வந்தபோது
பேனாவை மூடி மூடித் திறந்தேன்.

மாமனார் வீட்டில் கேட்டார்கள்:
ஃபீஸ் கட்ட முடியலையா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா.
ரயில்வே கேட் மூடிக் கிடந்த சாயங்காலம்
பக்கத்து பைக்காரர், பெயர்கூடத் தெரியாது,
கூட்ஸ் வண்டி கடந்து முடிப்பதற்குள்
பிள்ளையைக் கெடுக்கிறீங்க என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.
அவரவருக்கு ஒரு பதில் வைத்திருந்தேன்.
பை கனம், மார்க் வெறி, இங்கிலீஷ் மோகம்.
எல்லாமே கொஞ்சம் உண்மை.

முழு உண்மை ஒரு பச்சை பாட்டில்.
முக்கால் லிட்டர்.
காலையில் விஜயராணி நிரப்பிக் கொடுப்பாள்.
சாயங்காலம் அதே கனத்தோடு வீடு வரும்.
திட்டினோம்.
பிறகு பூனைப் படம் போட்ட பாட்டில் வாங்கினோம்.
அதுவும் நிறைந்தே திரும்பியது.

விஜயராணி மன்னார்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
மூன்றாவது காய்ச்சலின்போது
லேப் சீட்டைப் படித்து, மடித்து,
ஒன்றும் சொல்லாமல் என் சட்டைப் பையில் வைத்தாள்.
அன்றிரவு பவதாரிணி சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
தண்ணி குடிச்சா போகணும்ப்பா.
போகணும்னா கை தூக்கணும்.
தூக்கினா இன்னும் அஞ்சு நிமிஷம்பாங்க.
ஒரு நாள் அஞ்சு நிமிஷம் முடியல.

அந்த மழை மாசம்
அவளே யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.
சமர்த்து என்று சொன்னவன் நான்.

மேட்டூர் திறந்தால்
மூணாறு தலைப்புக்கு எப்போது வரும், கடைமடைக்கு எப்போது என்று
ஊரே விரல்விட்டு எண்ணும் பூமி.
முறைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் குறைந்தால்
பஸ்ஸை மறிப்பார்கள்.
என் மகள் இரண்டு வருஷம்
தன் ஷட்டரைத் தானே இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
ஒரு சைக்கிளைக்கூட யாரும் மறிக்கவில்லை.

ஹெச்.எம். நல்லவர்தான்.
எழுநூறு பிள்ளைக்கு நாலு கக்கூஸ்,
நான் என்ன சார் செய்ய, என்றார்.
இன்னொரு ஸ்கூல் போனோம்.
ஆபீஸ் அறையில் மீன் தொட்டி.
கழிப்பறையைக் காட்டுங்கள் என்றோம்.
ரிசல்ட்டைக் காட்டினார்கள்.

இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் அவள் ஸ்டூல்.
பின்னம் படித்தது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில்:
ஒரு மா, நூறு குழி, அண்ணன் தம்பி ஐந்து பேர்.
அக்காவுக்கு ஏன்ப்பா ஒண்ணுமில்லை என்றாள்.
கணக்கில் அதற்கு விடை இல்லை.
நைட் டியூட்டி முடிந்து வந்த விஜயராணி
சிறுநீரகம் வரைந்து காட்டும்போதே தூங்கிப்போனாள்.
மீதிக் கோட்டை மகளே வரைந்து
அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள்.

எல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன்.
நாலு பத்துக்கு ஸ்கூல் வேன் போகும்.
சரியாக அந்த நேரத்துக்கு
பேப்பர் கட்டு அடுக்குகிற வேலை வந்துவிடும் அவளுக்கு,
ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
பத்தாம் வகுப்பு எப்படி, தோழிகள் எப்படி,
தெரியாது.
செய்தது தப்பா என்று
பத்து வருஷம் கழித்து அவளைக் கேளுங்கள்.

கட்டத்தில் கடைசியில்
தண்ணீர் என்று எழுதினேன்.
கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
ஆத்தங்கரை ஊர்ல தண்ணிப் பஞ்சமா சார், என்றார்.
ஆமாம் என்றேன்.
அடித்துவிட்டு
சொந்தக் காரணம் என்று அவரே எழுதிக்கொண்டார்.

இதோ, அடங்கல் நகலுக்கு ஆள் நிற்கிறது.
கடையைப் பாத்துக்கப்பா என்று
ஸ்டூலிலிருந்து குதித்துப்
பின்பக்கம் ஓடுகிறாள்.
பார்த்துக்கொள்கிறேன்.