ஏழாவது விடயம்

ஆறாவது விடயம் கட்டாக்காலி மாடுகள்.
அதிலேயே நாலரை மணியாகிவிட்டது.

ஏழாவது: எரிவாயு.
கொழும்புக் கடிதத்தைச் செயலாளர் வாசித்தார்.
உள்நாட்டு எரிசக்தியைப் பாதுகாக்கும் புதிய சட்டத்தின்படி
பாறை பிளக்கும் வேலையைத் தடைசெய்ய
எந்தப் பிரதேச சபைக்கும் அதிகாரம் இல்லை.
எனினும்
சபையின் கருத்து வரவேற்கப்படுகிறது.

"தாலி கட்டி முடிஞ்ச பிறகு
பொம்பிளை பிடிச்சிருக்கோ எண்டு கேக்கினம்"
என்றா தவமலர் அக்கா.
சிரிப்பு.
சிரிப்பை நான் எழுதுவதில்லை.
'உறுப்பினர் ஐயம் தெரிவித்தார்.'

பொறியியலாளர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார்.
ஒரு மூலை கழன்று கழன்று விழுந்தது.
இரண்டாயிரத்து நானூறு மீற்றர் ஆழம்,
உங்கள் கிணறுகளோ முப்பது அடி,
ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எமிலியான் எழும்பினார், கௌதாரிமுனைக்காரர்.
"எங்கட மணலுக்குக் கீழ
ஒரு சாண் தடிப்பில நல்ல தண்ணி.
அதுக்குக் கீழ கடல்.
ரெண்டும் சம்பந்தமில்லாமத்தான் கிடக்குது தம்பி,
ஆரும் குத்தாத வரைக்கும்."
பிறகு, இருக்கப்போனவர் திரும்பி:
"ஒரு முழம் தோண்ட எங்களுக்கு எட்டு வருசம் விடேல்லை.
சிவப்புப் பலகை, மண்டையோடு.
உங்களுக்கு ரெண்டு கிலோமீற்றருக்கு
ஒரு கிழமையில அனுமதியோ?"

'உறுப்பினர் நிலத்தடி நீர் பற்றி விளக்கம் கோரினார்.'

ஞானரூபன் மேசையில் தட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.
கரண்ட் இல்லாத அந்த வருசம்
ஐஸ் உருகி நாலு பெட்டி நண்டு நாறினது.
எண்ணெய்க் கப்பல் வரும், வரும் எண்டு
வானொலியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தம்.
லைனில நிண்ட மோட்டார் சைக்கிளுக்கு மேலேயே நித்திரை.
காலுக்குக் கீழ கிடக்கிறதை விட்டிட்டு
இன்னும் எத்தினை பேரிட்டக் கையேந்துறது?

நாலைந்து பேர் கைதட்டினார்கள்.
நானும் தட்டியிருப்பேன்.
பச்சை விறகு ஊதிய அந்த வருசத்தின் இருமல்
இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.
கையில் பேனை இருந்தது.

ஒரு கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர்
என்று ஒருவருமே கேட்கவில்லை. வரைபடத்தின் கீழ்மூலையில்,
அந்தக் கழன்று விழும் மூலையில்,
சின்ன எழுத்தில் இருந்தது:
பதினைந்தாயிரம் கனமீற்றர்.
எங்கள் தெருவுக்கு வரும் பவுசர் ஐயாயிரம் லீற்றர்.
தாளின் ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன்.
மூவாயிரம் பவுசர்.
செவ்வாயும் வெள்ளியுமாக வந்தால்
இருபத்தொன்பது வருடம்.

வாக்கெடுப்பு. மணி ஆறரை.
"ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ."
உயர்த்தினார்கள்.
கரண்ட் போனது.

ஆரோ சிரித்தார்கள், ஆரோ தூஷணம் சொன்னார்கள்.
தொலைபேசி வெளிச்சத்தில் தவிசாளர் எண்ணினார்.
ஆதரவு ஒன்பது.
எதிர்ப்பு எட்டு.
சபையில் பதினாறு பேர்.

சுவரில், வரைபடத்துக்கு மேலே
கைகளின் நிழல்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
சுண்டுவிரலில் துணி சுற்றிய ஒரு கை
இரண்டு முறையும் எழும்பியது.
முதல்முறை சட்டென்று.
இரண்டாம்முறை
பாதிவரை வந்து, நின்று, பிறகு முழுதாக.
ஆரென்று தெரியும். சொல்லமாட்டேன்.

கரண்ட் வந்ததும் எண்ணுவோம் என்றார்கள்.
வரவில்லை.
'ஏழாவது விடயம் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

பொறியியலாளரின் ஜீப் ஒழுங்கையில் திரும்ப வழியில்லாமல்
சபை வாசலில் முகம் வைத்து நின்றது.
அதன் முன்விளக்கு வெளிச்சத்தில்,
டீசல் புகைக்குள்,
தவிசாளர் கையொப்பமிட்டார்.
பிறகு தாளைச் சரித்துப் பார்த்து,
"இதென்ன கணக்கு?"

ஒன்றுமில்லை ஐயா, என்றேன்.
குறிப்பில் உறுப்பினர் சொன்னது மட்டுமே இருக்கலாம்.
நான் உறுப்பினர் இல்லை.
"அழிச்சுவிடும் பிள்ளை."

பேனையால் எழுதியிருந்தேன்.