உப்பு என்ற சொல்

முதலில் தரை.
வசனமெல்லாம் அப்புறம்.
நீலத் தார்ப்பாயை மட்டும் விரித்தால்
ஒரு கரண்டி பட்டதும் அது அணைக்கட்டுப் படிக்கல்.
அதனால் மேலே சாக்கு,
பழையபேட்டை புளி மண்டியில் கழித்துப்போட்டது,
முப்பத்திரண்டு.
கோணி ஊசியால் ஓரத்தோடு ஓரம் தைத்து
மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டியது நான்.
ஒத்திகை முழுக்க மேடை புளித்து மணந்தது.

மூன்றாம் காட்சி, கல்யாணப் பந்தி.
அப்பளம் ஒன்று குறைந்ததற்கு
இரண்டு சம்பந்திகளும் அண்டாவைத் தூக்குகிறார்கள்.
சிரிக்க வேண்டியவர்கள் நானூறு பேர்.
விழ வேண்டியவன் ஒருவன், முனிராஜ்.
விழ வேண்டிய இடம்
சுண்ணாம்பால் போட்ட வட்டம்.

சாம்பாரில் மிளகாய் இல்லை,
கண்ணுக்குள் போகும்.
மஞ்சள் இல்லை,
வேட்டி பதினாறும் வாடகை.
கேழ்வரகுக் கூழை நீர்க்கக் காய்ச்சி
கை பொறுக்கும் சூட்டில் வைத்தேன்.
அதன் தெளிவு, ரசம்.
வடை, மெத்தைக் கடை ஸ்பாஞ்ச்.
நவாசுக்குக் கடலை ஆகாது, உதடு தடித்துவிடும்,
கடலை எண்ணெய்ப் புட்டி மண்டப வாசலோடு திரும்பிப் போனது.
பாயசம் மட்டும் நிஜ மாங்கூழ்,
நான் வேலை பார்க்கும் ஆலையின் மாதிரி டப்பா.

வீசுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது,
சட்டையின் இரண்டாம் பொத்தானைப் பார்க்க வேண்டும்.
"பொத்தான்மேல எப்படிக் கோவப்படறது?"
என்றாள் திம்மக்கா,
தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட், மாப்பிள்ளையின் அம்மா.
இரண்டு நாளில் பொத்தானை உளமார வெறுத்தாள்.

"சாப்பாட்டை எறிவீங்களா?"
மண்டபத்துக் காவல்காரர் சின்னமாது
வாளியை மறித்து நின்றார்.
ஒரு வாய் குடிக்கக் கொடுத்தேன்.
துப்பினார்.
"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
எறிஞ்சுக்குங்க."

சொல் அங்கிருந்துதான் கிடைத்தது.
யாருக்கு எது நிஜமானாலும்
உப்பு என்று சொல்ல வேண்டும்.
வசனத்தில் வந்த மூன்று உப்பையும் நானே அடித்தேன்.
உப்பு என்றால் விளக்கு அணையும்,
நின்றவர் நின்ற இடத்தில்.

சனிக்கிழமை. ராயக்கோட்டை ரோடு மண்டபம் நிரம்பி
பிள்ளைகள் படிக்கட்டில்.
அண்டா கவிழ்ந்தது, சரியான நொடி.
திம்மக்கா பொத்தானைக் கொன்றாள்.
முனிராஜ் சுழன்றான்,
மீசையில் கூழ், காதில் மாம்பழம்,
கை காற்றைப் பிடித்து,
"உப்பே இல்லடா இதுல!"

சிரிப்பு தகரத்தை அதிர வைத்தது.
நான் சுவிட்சை அணைத்தேன்.

இருட்டில் கைதட்டல்.
யாரும் எதுவும் சிந்தக் கூடாது என்று
ஒரு சாக்கு அகலம் ஒதுக்கியிருந்தேன், எனக்காக.
அதில் பதினோரு அடி.
அவன் தோளைத் தொட்டேன், நடுங்கியது,
சிரிப்பால் என்றும் நினைக்கலாம்.
"ஒண்ணுமில்லக்கா.
வாயில போச்சு, தானா வந்துடுச்சு.
மெஸ்ஸுல பதினஞ்சு வருசம் பரிமாறின நாக்கு."
அவன் காதருகே நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
விளக்கு வந்தது. பந்தி தொடர்ந்தது.
ஊருக்கு அதுவும் நாடகம்.

பதினொன்றரை மணிக்கு வாளியும் துடைப்பமுமாக
மேடையின் இடது ஓரம்.
நூல் விட்டிருந்தது, ஒரு சாண்.
அங்கிருந்து ஒரு குதிகால் தடம்,
ஒன்றரை முழம்,
கூழை வழித்துக்கொண்டே போய்
விளிம்புக்கு நாலு விரல் முன்னால் நிற்கிறது.
சுண்ணாம்பு வட்டம்
அதற்கு எத்தனையோ தள்ளி.

வாசலில் பொட்டலத்தைப் பிரித்தபடி முனிராஜ்
உப்புக் கதையை மூன்றாம் தடவையாகச் சொல்கிறான்.
வலது காலை ஊன்றாமல் சொல்கிறான்.
எல்லோரும் சிரிக்கிறார்கள்.
நான் போய்க் கேட்கவில்லை.
ஐஸ் கட்டியை ஒரு துண்டில் சுற்றி
அவன் பக்கத்தில் வைத்துவிட்டு
ஊசியைத் தேடினேன்.

ஞாயிறு ஆறு மணிக்கு அடுத்த காட்சி.
இந்த முறை இரட்டை நூல்.