நீரில்லை

காலை எட்டுக்கு ஒரு தரம்,
மாலை ஐந்துக்கு ஒரு தரம்
ஆரணியாற்றின் உயரத்தை எழுதுவது என் வேலை.
பத்து மாதம் எழுதுவது ஒரே சொல்:
நீரில்லை.

நீரில்லாத ஆறென்றால்
ஒன்றுமில்லாத இடம் என்று நினைக்கிறார் பொறியாளர்.
‘நரி, ஒன்று. பாலத்தடியில் நடந்து கிழக்கே போனது’ எனக்
குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியதைச்
சிவப்பு மையால் அடித்தார்.
தண்ணியப் பத்தி மட்டும் எழுதும்மா.

தண்ணீரைப் பற்றித்தான் சார் எழுதினேன்.
அந்த நரி தோண்டிய இடத்தில்
முழங்கை ஆழத்தில் ஈரம்.
அதற்கு இரவெல்லாம் வரிசை:
கீரி, முள்ளம்பன்றி,
பேர் தெரியாத சிறு நகங்கள்.
விடிந்தால் மணலில்
கையெழுத்து இருக்கும், ஆள் இருக்காது.

சித்திரையில்
அளவுகோலின் பூஜ்யத்துக்கு ஒரு சாண் தள்ளி,
கூழாங்கற்களுக்குள் கூழாங்கற்களாய்
நாலு முட்டை.
ஆள்காட்டி.
காட்டிக்கொடுப்பதை வைத்துப் பேர் வைத்தோம் நாம்.
எலி பிடிக்க அக்கரையிலிருந்து வரும் பென்சலய்யா
தீத்துவு என்றான்;
அவர்களுக்கு அதன் கத்தலே அதன் பேர்.
ராத்திரியில் கேட்டால் சாவு என்று சொல்லிவிட்டு
பொறிகளைத் தூக்கிக்கொண்டு
முட்டைகளைச் சுற்றிப் போனான், வெகு தூரம் சுற்றி.

அன்றிலிருந்து நான் படி இறங்கவில்லை.
மேல்படியில் நின்றே எழுதினேன்,
இருபத்தாறு நாள்.
விதிப்படி அத்தனையும் பொய்க் கணக்கு.

இருபத்தேழாம் இரவு
நாகலாபுரம் மலைப்பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது.
இங்கே ஒரு சொட்டில்லை.
மூன்று மணிக்கு,
காய்ந்த ஓலையை யாரோ இழுத்துப் போகிற சத்தம்.
டார்ச் அடித்தேன்.
முதலில் சருகு வந்தது,
பிறகு நுரை, நுரைக்கு முன்னால் ஓடும் நண்டுகள்,
பிறகுதான் தண்ணீர்.

எட்டு மணி.
பூஜ்யம் புள்ளி நாலு இரண்டு.
செம்மண் நிறத்தில், அவசரமில்லாமல்
பழவேற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
அக்கரைக் கோரையில் ஆள்காட்டி
எழும்பிக் கத்தி, இறங்கி, மறுபடி எழும்பியது.
பென்சலய்யா துண்டை வீசிக் கூப்பிட்டு
மூன்று விரல் காட்டினான்.
குஞ்சுகளா, எலிகளா,
வெள்ளம் வந்த மணியா?
அவன் சொன்னதைத் தண்ணீர் தின்றுவிட்டது.

0.42 என்று எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில்:
மூன்று.
என்ன மூன்று என்று கேட்பார்.
கேட்கட்டும்,
ஆடிக்கு முன்னால் அவர் இந்தப் பக்கம் வருவதில்லை.